ரேஷன் கடை வாசலில் காவல் நிலையம்

2021 ஜூலை 31 அன்று காஷ்மீர் காவல்துறையின் குற்றப் புலனாய்வுத் துறை சிறப்புப் பிரிவு தன் கீழ்நிலை அலுவலகங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கடவுச்சீட்டுக்கும் அரசுப் பணிக்கும் விண்ணப்பிப்போரைச் சரிபார்க்கும்போது, அவர்கள் கல்லெறிதலிலோ சட்டம் ஒழுங்கு வழக்குகளிலோ மாநிலப் பாதுகாப்புக்குக் கேடான குற்றங்களிலோ ஈடுபட்டிருக்கிறார்களா என்று தனிக் கவனத்துடன் பார்க்க வேண்டும். காவல் நிலையப் பதிவேடுகள் மட்டுமன்றி, கண்காணிப்புக் கேமராக் காட்சிகள், புகைப்படங்கள், ஒலிப்பதிவுகள், ட்ரோன் படங்கள் ஆகியவற்றையும் ஒப்பிட வேண்டும். ஈடுபட்டவர் என்று கண்டால் பாதுகாப்பு ஒப்புதலை மறுக்க வேண்டும் என்பது அதன் சாரம். பெரும்பாலான நாளேடுகள் கடவுச்சீட்டு, அரசு வேலை என்ற இரண்டையும் தலைப்பில் போட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டன. ஆனால் அதே வாக்கியத்தில் மூன்றாவதாக ஒன்று இருந்தது. அரசின் சேவைகள், திட்டங்கள் தொடர்பான வேறு எந்தச் சரிபார்ப்புக்கும் இது பொருந்தும் என்பதே அது.

அந்தச் சுற்றறிக்கை ‘தண்டிக்கப்பட்டவர்’ என்று சொல்லவில்லை. ‘ஈடுபட்டவர்’ என்றது. ஈடுபட்டாரா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றம் அல்ல. படத்தைப் பார்க்கும் காவலர். அப்போது ஜம்மு காஷ்மீரில் தேர்ந்தெடுக்கப்பட்ட சட்டமன்றமே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கேட்பதற்கு ஆளில்லாத இடத்தில்தான் இத்தகைய ஆணைகள் முதலில் முளைக்கின்றன.

அதே ஆண்டு பிப்ரவரி 1 அன்று பீகார் காவல்துறைத் தலைவர் ஒரு கடிதம் எழுதியிருந்தார். போராட்டம், சாலை மறியல் போன்றவற்றில் குற்றச் செயலில் ஈடுபட்டதாகக் காவல்துறை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தால், அது நன்னடத்தைச் சான்றிதழில் குறிக்கப்படும். அத்தகையோர் அரசு வேலையோ ஒப்பந்தமோ கிடைக்காமற்போகும் நிலைக்குத் தயாராக இருக்க வேண்டும் என்றது அக்கடிதம். 2024 அக்டோபரில் ஹரியானா அரசு, வைக்கோல் எரித்த விவசாயியின் பதிவில் ‘சிவப்புக் குறி’ இட்டு, அடுத்த இரண்டு பருவங்களுக்கு அவர் அரசு கொள்முதல் வழியாக விளைபொருளை விற்க முடியாதபடி செய்ய உத்தரவிட்டது. மத்தியப் பிரதேச அரசு 2025 மே 1 முதல் அதே காரணத்துக்காக முதலமைச்சர் விவசாயி நலநிதியை நிறுத்துவதாக அறிவித்தது. ஒன்று சட்டம் ஒழுங்கின் பெயரால், மற்றொன்று காற்று மாசின் பெயரால். முறை ஒன்றுதான்: நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் முன்பே, அரசு அலுவலகத்தின் கணினித் திரை தண்டனையை வழங்கிவிடுகிறது.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிவாரண்ட் நிலுவையில் உள்ளவருக்கு அரிசி கிடையாது என்ற விதி எதுவும் இன்று இல்லை. முதியோர் உதவித்தொகை விதிகளிலும் இல்லை. ஆனால் அந்த விதியை எழுதுவதற்கான மையும் காகிதமும் மேசைக்கு வந்துவிட்டன. அவ்விதி எழுதப்பட்ட நாடு ஒன்று உண்டு. அங்கே என்ன நடந்தது என்பதும் பதிவாகியிருக்கிறது.

1996 ஆகஸ்ட் 22 அன்று அமெரிக்க ஜனாதிபதி பில் கிளிண்டன் ‘தனிமனிதப் பொறுப்பு’ என்ற பெயரைத் தாங்கிய நலத்திட்டச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அறுபது ஆண்டுகளாக ஏழைக் குடும்பங்களுக்கு இருந்த உரிமையை அந்தச் சட்டம் தகர்த்தது பரவலாக அறியப்பட்டது. அதன் உள்ளே இருந்த சிறு பிரிவு ஒன்று அவ்வளவாகப் பேசப்படவில்லை. குற்ற வழக்கில் தேடப்படுபவருக்கும், நன்னடத்தைக் கால நிபந்தனையை மீறியவருக்கும் உணவுக் கூப்பன், ஏழைக் குடும்ப உதவி, வறிய முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான உதவித்தொகை ஆகியவை கிடையாது என்றது அப்பிரிவு. தொடர்ந்து, உணவுக் கூப்பன் பெறுவோரின் பட்டியல் பிடிவாரண்ட் பட்டியலோடு ஒப்பிடப்பட்டது. ‘ஆபரேஷன் டாலன்’ என்று அந்த வேட்டைக்குப் பெயர்; டாலன் என்றால் பருந்தின் நகம். உணவு உதவிக்கு வந்தவர்களை அலுவலகத்துக்கு வரவழைத்துக் கைது செய்தார்கள். 2005 முதல், தொழிலாளி தன் கூலியிலிருந்து கட்டிய சந்தாவுக்கு ஈடாகப் பெறும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்துக்கும் இத்தடை நீட்டிக்கப்பட்டது.

யார் சிக்கினார்கள்? கொலைகாரர்களும் கொள்ளைக்காரர்களும் உணவுக் கூப்பன் வரிசையில் நிற்பதில்லை. பல பத்தாண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் பதிவான வழக்கின் வாரண்டுக்காக முதியவர்களின் உதவித்தொகை நின்றது. அவர்களில் பலரை, வழக்குப் போட்ட மாநிலமே திரும்ப அழைத்து விசாரிக்க விரும்பவில்லை. அந்த அரசுக்கு வேண்டாதவராகப் போன மனிதர், சோற்றுக்கு மட்டும் ‘தேடப்படும் குற்றவாளி’. கலிபோர்னியாவைச் சேர்ந்த மாற்றுத்திறனாளிப் பெண் ஒருவரின் உதவித்தொகை, அவருடைய பெயரையே கொண்ட வேறொருவர் மீதான பழைய வாரண்டுக்காக நிறுத்தப்பட்டது. அவரும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் 2009இல் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் உடன்பாட்டுக்கு வந்தது. ஏறக்குறைய 2 லட்சம் பேர் தொடர்புடைய அவ்வழக்கில் 50 கோடி டாலருக்கும் மேலான நிலுவையைத் திருப்பித் தர அது ஒப்புக்கொண்டது. தப்பியோடுதல் தொடர்பான வாரண்டுகளுக்கு மட்டுமே இனி உதவித்தொகையை நிறுத்துவதாகவும் ஏற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளை யாரும் திருப்பித் தரவில்லை.

இந்தியாவில் இதே முறை வந்தால் இன்னும் கொடியதாக இருக்கும். அதற்குக் காரணம், இங்கே ஒரு வாரண்ட் எப்படிப் பிறக்கிறது என்பதில் இருக்கிறது.

‘சட்டத்துக்குப் பயந்து ஒளிந்து திரிபவனுக்கு மக்கள் வரிப்பணத்தில் சோறா?’ என்று கேட்பது சுலபம். தேநீர்க் கடையில் இந்தக் கேள்வி எழுந்தால் தலையாட்டுவோர் பலர். நம்மவர்களிலும் சிலர் பதில் சொல்லத் தயங்குவதுண்டு. ஆனால் பிடிவாரண்ட் என்பது குற்றத்தின் சான்று அல்ல. நீதிமன்றத்துக்கு ஒருவர் வரவில்லை என்பதன் சான்று மட்டுமே. மதுபனி மாவட்டத்திலிருந்து திருப்பூர் பின்னலாடை ஆலைக்கு வந்த தொழிலாளி ஒருவர் மீது ஊரில் வரப்புத் தகராறில் ஒரு வழக்கு இருப்பதாகக் கொள்வோம். வாய்தாவுக்கு ஒவ்வொரு முறையும் போய்வர ஒரு வாரக் கூலியும் ரயில் கட்டணமும் வேண்டும். போனால் நீதிபதி விடுப்பில் இருப்பார். அல்லது சாட்சி வந்திருக்க மாட்டார். மூன்று முறை போய்வந்தவர் நான்காம் முறை போகமாட்டார். வாரண்ட் பிறந்துவிடும். சம்மன் அவர் கைக்கு வந்ததா என்பதே பல நேரங்களில் ஐயம். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதித் திரும்பிய சம்மனுக்குப் பின் வந்த வாரண்டைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது.

பிடிவாரண்டை இயந்திரத்தனமாகப் பிறப்பிக்கக்கூடாது, முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடிய வாரண்ட், அதற்கும் பிறகே மற்றது என்று உச்ச நீதிமன்றம் 2007இல் இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் சொன்னது. கீழமை நீதிமன்றங்களில் அந்தத் தீர்ப்பு எவ்வளவு மதிக்கப்படுகிறது என்பது வழக்குரைஞர்களுக்குத் தெரியும். பிறப்பித்த நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேற்றப்படும் வரை ஒரு வாரண்ட் உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அப்படித்தான், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்திலும் அப்படித்தான். கீழமை நீதிமன்றங்களில் நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள் 3 கோடிக்கும் மேல். அதாவது அரசின் தாமதத்தால் உயிர்வாழும் காகிதம், ஏழையின் தட்டைப் பறிக்கும் ஆயுதமாகும்.

பீகாரைப் பாருங்கள். 2016 ஏப்ரல் முதல் அங்கே மதுவிலக்கு. லட்சக்கணக்கில் வழக்குகள் குவிந்தன; நீதிமன்றங்கள் திணறுகின்றன என்று அன்றைய உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி என்.வி.ரமணா 2021 டிசம்பரில் வெளிப்படையாகவே சொன்னார். அந்தச் சட்டத்தின் கீழ் முதல் தண்டனை 2017 ஜூலையில் ஜகானாபாத்தில் விதிக்கப்பட்டது. தண்டனை பெற்றவர்கள் சாராயச் சாம்ராஜ்யம் நடத்தியவர்கள் அல்லர். குடித்ததற்காகப் பிடிபட்ட, கூலி வேலை செய்யும் முசாஹர் சமூகத்துச் சகோதரர்கள் இருவர். ஐந்து ஆண்டு சிறை, ஆளுக்கு 1 லட்சம் ரூபாய் அபராதம். ‘நிலுவை வாரண்ட் உள்ளவருக்கு ரேஷன் இல்லை’ என்று நாளை ஒரு விதி வந்தால், அந்த மாநிலத்தில் அது முதலில் தட்டுவது முசாஹர் தோலாக்களின் கதவைத்தான். எலி பிடித்துப் பசியாற்றிய வரலாறு கொண்ட மக்கள் அவர்கள்.

அடுத்து, போராட்ட வழக்குகள். ஜார்கண்டில் குந்தி மாவட்டத்து ஆதிவாசிகள் 2017–18இல் அரசியல் சட்டப் பிரிவுகளைக் கல்லில் பொறித்து ஊர் எல்லையில் நட்டார்கள். பெயர் குறிப்பிடாத ஆயிரக்கணக்கானோர் மீது வழக்குகள், அவற்றில் தேசத்துரோகப் பிரிவும் சேர்க்கப்பட்டது. 2019 டிசம்பர் 29 அன்று பதவியேற்ற ஹேமந்த் சோரன் அரசு தன் முதல் அமைச்சரவைக் கூட்டத்திலேயே அவ்வழக்குகளைத் திரும்பப் பெற முடிவு செய்தது. கூடங்குளம் போராட்டத்தில் இடிந்தகரை மீனவ மக்கள் மீது குவிக்கப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்று 2013 மே மாதத் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கூறியதும் தமிழ் வாசகர்கள் அறிந்ததே. வழக்கு போட்டதற்கும் திரும்பப் பெற்றதற்கும் இடைப்பட்ட காலத்தில் ஒரு ‘சரிபார்ப்பு’ நடந்திருந்தால் குந்தியில் எத்தனை அடுப்புகள் அணைந்திருக்கும்? ‘பெயர் தெரியாத ஆயிரம் பேர்’ என்று எழுதும் முதல் தகவல் அறிக்கையில் பிறகு யாருடைய பெயரையும் எழுதிக்கொள்ளலாம். அந்தப் பேனா காவல் ஆய்வாளரின் கையில் இருக்கிறது. ரேஷன் அட்டையும் அதே கைக்குப் போனால், கூலி உயர்வு கேட்டு மறியலுக்கு வருமாறு அழைக்கும் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளரிடம் ஊர்ப் பெண்கள் ‘வழக்கு வந்தால் அரிசி போய்விடுமாமே’ என்றுதான் கேட்பார்கள். அதற்காகத்தான் அந்த விதி தேவைப்படுகிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ரேஷன் அட்டை தனியாளுக்கு உரியது அல்ல, குடும்பத்துக்கு உரியது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி 18 வயது நிரம்பிய மூத்த பெண்ணே அட்டையின் குடும்பத் தலைவி. ஆண் மீது வாரண்ட், அட்டை பெண்ணின் பெயரில், பசி பிள்ளைகளுக்கு. எந்தக் குற்றவியல் கோட்பாட்டில் இதற்கு இடம் இருக்கிறது? கொலைக் குற்றத்துக்குத் தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவருக்கு மூன்று வேளையும் உணவளிக்க அரசு கடமைப்பட்டிருக்கிறது, அது சரியும்கூட. விசாரணையே முடியாமல் வெளியில் இருப்பவரின் குழந்தைக்கு மாதம் 5 கிலோ தானியம் கிடையாது என்பது எந்த நீதி? மத்திய அரசு 60 முதல் 79 வயது வரையுள்ள வறியோருக்குத் தன் பங்காகத் தரும் முதியோர் உதவித்தொகை இன்றும் மாதம் 200 ரூபாய்தான். அந்த 200 ரூபாய்க்குக் காவல் நிலையத் தடையில்லாச் சான்று வாங்க, எழுத்தருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

குற்றவாளிகளைப் பிடிக்க இது உதவும் என்ற வாதமும் நிற்காது. மாதந்தோறும் ஒரே கடைக்கு வந்து, ஒரே கருவியில் விரலை வைத்து, ஒரே தெருவுக்குத் திரும்பிப் போகிறவர் ‘தலைமறைவு’ ஆனவரா? அவரைப் பிடிக்க வேண்டுமென்றால் ஒரு காவலர் சைக்கிளில் போனால் போதும். வாரண்ட் நிறைவேறாமல் கிடப்பது காவல்துறையின் அலட்சியத்தால். சில இடங்களில் பேரத்தால். அந்த அலட்சியத்துக்கான தண்டனையை அரிசி வாங்க வந்தவர் மீது சுமத்துகிறார்கள். உண்மையாகவே தப்பியோட நினைப்பவர் கடைப்பக்கம் வராமல் இருந்துவிடுவார். வருகிறவர், தான் தேடப்படுவதே தெரியாதவர்.

இத்தகைய ஒப்பீட்டுக்கான கருவிகள் ஏற்கெனவே தயாராக உள்ளன. காவல் நிலையப் பதிவேடுகளை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வலையமைப்பு 2009இல் ஒப்புதல் பெற்றது. காவல், நீதிமன்றம், சிறை, தடய அறிவியல் ஆகியவற்றின் தரவுகளை ஒன்றாக்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்துக்கு 2022இல் 3,375 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. மறுபக்கம், ரேஷன் முதல் ஓய்வூதியம் வரை எல்லாமே ஆதார் எண்ணோடு கட்டப்பட்டிருக்கின்றன. நடுவே ஒரு கதவு இருக்கிறது: ஆதார் சட்டத்தின் 33ஆம் பிரிவு, உயர் நீதிமன்ற நீதிபதியின் ஆணையின்றி விவரங்களை வெளியிடக் கூடாது என்கிறது. அதே பிரிவு ‘தேசப் பாதுகாப்பு’ என்ற ஜன்னலையும் திறந்து வைத்திருக்கிறது. மாநில அரசுகள் தாமே சேர்த்து வைத்திருக்கும் குடும்பத் தரவுத் தொகுப்புகளுக்கு அந்தக் கதவுகூட இல்லை.

தெலங்கானாவின் ‘சமக்ர வேதிகா’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பல துறைகளின் தரவுகளைப் பெயர், முகவரி கொண்டு பொருத்திப் பார்க்கும் இந்த மென்பொருள், குற்றவாளிகளை அடையாளம் காணத் தொடக்கத்தில் பயன்படுத்தப்பட்டது. பிறகு ரேஷன் அட்டைக்குத் தகுதி பார்க்கத் திருப்பிவிடப்பட்டது. சுமார் 19 லட்சம் அட்டைகள் ரத்தாகிவிட்ட நிலையில், 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அவற்றை நேரில் சென்று சரிபார்க்க உத்தரவிட நேர்ந்தது. ரிக்ஷா இழுத்துப் பிழைத்த ஒருவரை, ஏறக்குறைய அதே பெயருடைய கார் உரிமையாளராக அந்த மென்பொருள் கண்டுகொண்டது. அவருடைய குடும்பத்துக்கு அரிசி நின்றது. கலிபோர்னியப் பெண்ணுக்கு நேர்ந்தது இதுவேதான். ராம் குமார்களும் முகமது அலிகளும் மஞ்சிகளும் ஒரே ஊராட்சியில் இருபது பேர் இருக்கும் நாட்டில், வாரண்ட் பட்டியலை இப்படிப் பொருத்தினால் என்ன ஆகும்? கார் இல்லை என்று நிரூபிப்பதே பல ஆண்டு வேலையாக இருக்கும்போது, ‘அந்தக் குற்றவாளி நான் அல்லன்’ என்று காவல் நிலையத்துக்குப் போய் நிரூபிக்க எந்த ஏழைக்குத் துணிச்சல் வரும்? ஆதார் இணைக்காததால் அட்டை ரத்தான ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டக் குடும்பத்தில், 2017 செப்டம்பரில் 11 வயதுச் சிறுமி சோறு கேட்டபடியே இறந்ததாக அவளுடைய தாய் சொன்னார். மலேரியா என்றது அரசு. அட்டை ரத்தானதை அரசாலும் மறுக்க முடியவில்லை.

ஏழையின் விரல்ரேகையைக் காவல் நிலையத்தோடு கட்டிவைக்கும் எண்ணம் மோடி ஆட்சியின் கண்டுபிடிப்பும் அல்ல, கணினியின் கண்டுபிடிப்பும் அல்ல. 1871இல் வெள்ளையர் கொண்டுவந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை மதுரைச் சீமையில் மக்கள் ‘ரேகைச் சட்டம்’ என்றே அழைத்தார்கள். ரேகை வைக்க மறுத்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. இரவானால் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போக அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற நிலை 1947இல்தான் இம்மாகாணத்தில் ஒழிந்தது. நாடு முழுவதும் ஒழிய 1952 ஆயிற்று. செய்த குற்றத்துக்காக அல்லாமல், பதிவேட்டில் பெயர் இருந்ததற்காகவே வாழ்வைச் சுருக்கிய சட்டம் அது.

இதே ஆட்சியாளர்கள் தப்பியோடிய பணக்காரரை எப்படி நடத்துகிறார்கள்? அதற்கென்றே 2018இல் ஒரு சட்டம் இருக்கிறது. 100 கோடி ரூபாய்க்குக் குறையாத குற்றமாக இருந்தால்தான் ஒருவர் ‘தப்பியோடிய பொருளாதாரக் குற்றவாளி’ ஆக முடியும். தனி நீதிமன்றம் உண்டு. அறிவிப்பு அனுப்ப வேண்டும், நேரில் வரக் குறைந்தது ஆறு வார அவகாசம் தர வேண்டும், வழக்குரைஞர் வைத்துக்கொள்ளலாம். 2016 மார்ச்சில் நாட்டைவிட்டுப் போன விஜய் மல்லையாவுக்கு அந்தப் பட்டம் கிடைத்தது 2019 ஜனவரியில். இத்தனை படிகளும் வேண்டியவைதாம். சட்டம் எவருக்கும் அப்படித்தான் நடக்க வேண்டும். 5 கிலோ அரிசிக்காரருக்கு மட்டும் ஏன் ஒரு படியும் இல்லை? 2014–15 முதல் 2023–24 வரையிலான பத்து ஆண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. நீக்கம் வேறு, தள்ளுபடி வேறு என்ற நிதியமைச்சகத்தின் விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், அந்தக் கடனாளிகள் எவருடைய வீட்டு அடுப்பும் அணையவில்லை. 2024இல் மக்களவைக்கு வென்ற 543 பேரில் 251 பேர் தம்மீது குற்ற வழக்குகள் இருப்பதாகத் தாமே வேட்புமனுவில் எழுதிக் கொடுத்தவர்கள் என்று ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் கணக்கிட்டது. மக்கள் போராட்டங்களில் வழக்கு வாங்கியவர்களும் அவர்களில் உண்டு என்பது உண்மை. எந்த வகையினர் ஆயினும், வழக்கு நிலுவையில் இருப்பதால் ஊதியத்தையோ படியையோ நிறுத்த வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் வரவில்லை.

எனவே கோரிக்கையைத் தெளிவாக எழுப்ப வேண்டும். நிலுவை வழக்கு, வாரண்ட், காவல்துறை அறிக்கை ஆகிய எதன் பெயராலும் உணவு, ஓய்வூதியம், வேலை உறுதி, கல்வி உதவித்தொகை ஆகியவற்றை மறுக்கக் கூடாது என்பது சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். பயனாளிகளின் தரவுத் தொகுப்புக்குள் காவல்துறை நுழைவதை, ஒவ்வொரு வழக்கிலும் தனித்தனி நீதிமன்ற ஆணையின்றி அனுமதிக்கக் கூடாது. இது மாநிலத் தொகுப்புகளுக்கும் பொருந்த வேண்டும். 2021ஆம் ஆண்டின் காஷ்மீர் சுற்றறிக்கை, பீகார் கடிதம் போன்றவற்றைச் செல்லாதவையாக்க வேண்டும்.

நாடாளுமன்றத்தில் எழுப்ப வேண்டியவை அவை. கிளைகள் செய்ய வேண்டிய வேலை இன்னும் அருகில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு ஒவ்வொரு ரேஷன் கடைக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும் என்கிறது. பெரும்பாலான இடங்களில் அது காகிதத்தில்தான் இருக்கிறது. அதைக் கூட்டச் சொல்லலாம். தம் பகுதியில் வழங்கப்படும் நலத்திட்ட விண்ணப்பப் படிவங்கள் ஒவ்வொன்றையும் தோழர்கள் கையில் எடுத்து, ‘நிலுவையில் உள்ள குற்ற வழக்குகள்’ என்றோ ‘காவல் நிலையச் சான்று’ என்றோ ஒரு கட்டம் எங்கேனும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், எந்த அரசாணையின்படி அது சேர்க்கப்பட்டது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தந்தத் துறையிடம் எழுதிக் கேட்க வேண்டும்.